பெரிய எழுத்து வேதாகமம்: இரண்டு வருடம் கழித்து ஒரு பைண்டரின் விமர்சனம்

எனக்கு வேத வியாக்கியானம் தெரியாது, பைண்டிங் தெரியும். பாளையங்கோட்டையில் முருகன்குறிச்சிப் பக்கம், ஊசிக்கோபுரச் சர்ச்சின் மணி காதில் விழுகிற தூரத்தில் 30 வருடமாகக் கடை. கோர்ட் கட்டு, பஞ்சாயத்து ரெஜிஸ்டர், கல்லூரிப் பிள்ளைகளின் பிராஜெக்ட் எல்லாம் வரும். பழைய பைபிள் வருடம் முழுக்க வரும். ஒரு புத்தகத்தைக் கையில் கொடுத்தால் முதலில் அதன் முதுகைத்தான் பார்ப்பேன். அப்புறம் நடுவில் விரித்து நூல் தெரிகிறதா என்று பார்ப்பேன். மோந்தும் பார்ப்பேன், பசை கெட்டிருந்தால் மூக்குக்குத் தெரிந்துவிடும்.

இந்தப் பைபிளை வாங்கி இரண்டு வருடமும் நாலு மாதமும் ஆகிறது. பழைய திருப்புதல் என்கிற பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, பெரிய எழுத்து, ஜிப் வைத்த உறை, ஓரத்தில் தங்க நிறம், விரல் வைத்துத் திறக்கிற வெட்டு, இயேசு பேசினது சிவப்பு எழுத்தில். விலை 1,150 ரூபாய். எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. குறை சொல்லப்போகிறேன், என் கைக்கு வந்ததோ ஒரே ஒரு பிரதி. சனிக்கிழமை சாயங்காலம் அவசரத்தில் நான் கட்டிக் கொடுத்த புத்தகங்களும் ஊரில் சில வீடுகளில் இருக்கின்றன. அதை நினைத்தால் அடுத்தவன் பேரைச் சொல்ல நாக்கு வரவில்லை.

வாங்கினது வீட்டம்மாவுக்காக. சர்க்கரை அவளுடைய கண்ணையும் கிட்னியையும் சேர்த்தே பிடித்தது. கண்ணுக்கு லேசர் வைத்தார்கள், ஓரளவு நின்றது. கிட்னி நிற்கவில்லை. கல்யாணத்துக்கு அவளுடைய அப்பா தந்த பைபிள் பொடி எழுத்து, அதில் அவளுக்கு இப்போது வரிகள்தான் தெரிகின்றன, எழுத்து தெரிவதில்லை. திங்கள், புதன், வெள்ளி காலை 5.30க்கு டயாலிசிஸ் யூனிட்டில் இருக்க வேண்டும். ஒரு தடவைக்கு நாலு மணி நேரம். இடது கையில் பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், அதில் இரண்டு ஊசி. அந்தக் கையை அசைக்கக்கூடாது. ஆக, நாலு மணி நேரத்துக்கு அவளுக்கு இருப்பது வலது கை ஒன்றுதான். இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள். இது ஒரு கையால் பைபிள் பிடிக்கிறவளின் விமர்சனம், எழுதுகிறது மட்டும் நான்.

முதலில் எடை. கடைத் தராசில் வைத்தேன், உறையோடு 1 கிலோ 640 கிராம். சர்ச்சுக்குக் கொண்டுபோக அது கனமே இல்லை. ஆனால் உடம்பிலிருந்து ரெண்டரை, மூணு கிலோ தண்ணீரை மெஷின் உறிஞ்சிக்கொண்டிருக்கும்போது, பிரஷர் இறங்கிக் கால் இழுத்துப் பிடிக்கிற மூன்றாவது மணி நேரத்தில், அது நெஞ்சின்மேல் அம்மிக்கல் மாதிரி இருக்கும். முதல் வாரமே அவள் அதை வயிற்றில் சாய்த்துவைத்து வாசிக்கப் பார்த்தாள். புத்தகம் சரிந்து ஊசி இருக்கிற கைப்பக்கம் போனது. சிஸ்டர் ஓடிவந்து பிடித்தார். அன்றையிலிருந்து அதைப் பிடிக்கிறவன் நானானேன்.

எழுத்து நல்ல எழுத்து. கறுப்பு அழுத்தமாக விழுந்திருக்கிறது, வரிக்கு வரி இடைவெளி உண்டு, வசன எண் தனியாகத் தெரிகிறது. அதில் கஞ்சத்தனம் பண்ணவில்லை. குறை தாளில். பைபிள் பேப்பர் மெல்லிசாகத்தான் இருக்கும், இல்லாவிட்டால் 1,189 அதிகாரத்தையும் ஒரே கட்டில் அடக்க முடியாது. ஆனால் பின்பக்கத்து எழுத்து நிழலாக முன்பக்கம் தெரிகிறது. நல்ல கண் அதைத் தானே ஒதுக்கிவிடும், லேசர் வைத்த கண்ணுக்கு ஒதுக்கத் தெரியாது. அதற்கு என்னிடம் ஒரு வழி உண்டு, எல்லாருக்கும் சொல்கிறேன். பக்கத்துக்கு அளவாக ஒரு கறுப்பு சார்ட் தாளை வெட்டி, வாசிக்கிற தாளுக்கு அடியில் வையுங்கள். நிழல் அப்படியே மறைந்துவிடும். 5 ரூபாய்ச் செலவு.

சிவப்பு எழுத்து வேண்டாம். கடையில் அதை ஒரு சிறப்பு என்று சொல்லி விற்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், கண் போன ஒருத்திக்கு, சிவப்பு என்பது வெள்ளைத் தாளில் அழிந்துபோன எழுத்து. சுவிசேஷம் வந்தால் கதை தெரியும், இயேசு பேசுகிற இடம் மட்டும் காலியாகத் தெரியும். ஒருநாள் யோவான் 19 வாசித்துக்கொண்டிருந்தாள். 28ஆம் வசனத்தில் நின்றுவிட்டாள். "இங்க என்னமோ சிவப்பா கெடக்கு, என்னன்னு பாருங்க." பார்த்தேன். ஒரே ஒரு வார்த்தை. "தாகமாயிருக்கிறேன்."

டயாலிசிஸ்காரர்களின் தாகம் வெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரியாது. ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர். காபி, ரசம், மாத்திரை விழுங்குகிற தண்ணீர் எல்லாம் அந்தக் கணக்குக்குள்தான். மே மாதம் பாளையங்கோட்டை வெயிலில் முக்கால் லிட்டர். இளநீர் கூடாது, பழச்சாறு கூடாது, நாக்கு ஒட்டிக்கொண்டால் ஒரு ஐஸ்கட்டியை வாயில் போட்டு அடக்கிக்கொள்ள வேண்டும். நான் அந்த வார்த்தையை வாசித்ததும் அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவருக்கும் தண்ணி அளவுதானா" என்றாள். அப்புறம் 22ஆம் சங்கீதத்தை எடுக்கச் சொன்னாள். "என் பெலன் ஓட்டைப்போல் காய்ந்தது, என் நாவு மேல்வாயோடே ஒட்டிக்கொண்டது." அதை அவள் எத்தனையோ புனித வெள்ளியில் கேட்டிருக்கிறாள். இப்போதுதான் அது தன் உடம்புக்குள் நடக்கிறது என்று கேட்கிறாள். பக்கத்துக் கட்டிலில் இருந்த தம்பி, சர்ச் பக்கமே போகாத பையன், "அக்கா, அந்த நாக்கு வரிய இன்னொரு தடவ வாசிங்க" என்றான்.

ஜிப், தங்க ஓரம் இரண்டையும் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. யூனிட்டுக்குள் போகும்போது கையோடு சேர்த்துப் புத்தகத்தையும் சானிடைசரால் துடைப்பார்கள். ஒரு மாதத்தில் தங்கம் அவர்கள் பஞ்சில் போய்விட்டது. ஜிப்பின் இரும்பு நாக்கு பிஸ்டுலா கையில் உரசக்கூடாது என்று உறையை வீட்டிலேயே விட்டுவிட்டோம், இப்போது அதில் ரேஷன் கார்டும் ஸ்கேன் பேப்பரும் இருக்கின்றன. விரல் வெட்டு மட்டும் நல்ல சங்கதி. ஒரு கைக்காரருக்கு அது பெரிய உபகாரம்.

போனில் பைபிள் இலவசமாகக் கிடைக்கிறதே, எழுத்தை எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாமே என்று கேட்பீர்கள். வைத்துப் பார்த்தோம். 91ஆம் சங்கீதம் பாதியில் இருக்கும்போது பைனான்ஸ்காரர் போன் வருகிறது. சங்கீதம் மறைந்து அவர் பேர் திரை முழுக்க நிற்கிறது. ஆடியோவும் போட்டுப் பார்த்தோம். காதில் மாட்டினால் மெஷினின் அலாரம் கேட்காது, மாட்டாமல் போட்டால் பன்னிரண்டு கட்டிலுக்கும் கேட்கும். அதோடு ஆடியோவில் வாசிக்கிறவர் யோபுவைக்கூட வானொலிச் செய்தி மாதிரி வாசிக்கிறார். அந்த மனுஷன் சாம்பலில் உட்கார்ந்து ஓட்டாலே சுரண்டிக்கொண்டிருக்கிறவன் அல்லவா?

இனி வாக்குத்தத்த அட்டை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டாம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும் தட்டில் வைத்து நீட்டுவார்கள், ஆளுக்கொன்று எடுக்க வேண்டும், அந்த வருடத்துக்கு அதுதான் வசனம். கிட்னி கெட்டுப்போனது தெரிவதற்கு முந்தின டிசம்பரில் அவள் எடுத்தது யாத்திராகமம் 23:25. "அவர் உன் அப்பத்தையும் உன் தண்ணீரையும் ஆசீர்வதிப்பார். வியாதியை உன்னிலிருந்து விலக்குவேன்." மார்ச்சில் கிரியாட்டினின், கிட்னி கெட்டதைக் காட்டுகிற ரத்த அளவு, 9க்குப் போனது. ஆசீர்வதிப்பார் என்று போட்டிருந்த தண்ணீரை டாக்டர் முக்கால் லிட்டராக்கினார். அப்பத்துக்கும் அளவுதான்.

நான் அந்த அட்டையைக் கிழித்துப் போடப்போனேன். உண்மையாகவே கையில் எடுத்துவிட்டேன். அவள் பிடுங்கிப் புத்தகத்துக்குள் வைத்தாள். இன்றுவரை வாசித்த பக்கத்துக்கு அதுதான் அடையாளம். "இது என் பேருக்கு எழுதின செக் இல்லங்க. சீட்டுல வந்தது" என்றாள். "முழுப் புத்தகத்தையும் வாசிப்போம். ஒத்த வரிய மட்டும் கிள்ளி எடுத்தா இப்பிடித்தான் ஏமாறணும்." அன்றைக்கு ஆரம்பித்தது வரிசையாக வாசிக்கிறது. லேவியராகமத்தைக்கூடத் தாண்டிப்போக விடமாட்டாள்.

வரிசையாக வாசித்தால்தான் ஒன்று தெரிகிறது. இந்தப் புத்தகத்தில் முறையிடுகிற பக்கங்கள் எவ்வளவு என்று. காலண்டரில் அவை வராது, சுவரில் மாட்டுகிற பிரேமில் வராது. 88ஆம் சங்கீதத்தை யார் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கிறார்கள்? "என் இரட்சிப்பின் தேவனாகிய கர்த்தாவே" என்று தொடங்கி, கடைசியில் "எனக்கு அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள்" என்று முடிகிறது. அவ்வளவுதான். முறையிடுகிற மற்ற சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசி இரண்டு வரியிலாவது ஒரு வெளிச்சம் வந்துவிடும், இதில் அதுவும் இல்லை. முதல் தடவை வாசித்தபோது அடுத்த பக்கத்தில் மிச்சம் இருக்கும் என்று நான் தாளைத் திருப்பினேன். பைண்டர் புத்தி, பக்கம் விட்டுப்போயிருக்குமோ என்று. பக்கம் விடவில்லை. அவள் சிரித்தாள். "எம்புட்டுப் பேரு இதுல கத்தியிருக்காங்க பாருங்க. ஒருத்தரையும் வெளிய போன்னு சொல்லல."

வீட்டுக்கு ஜெபிக்க வந்தவர்களில் நல்லவர்களும் உண்டு, காய்கறியை இரண்டு தடவை வேகவைத்து வடிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போனவர் உண்டு. ஒருத்தர், பேர் வேண்டாம், அறிக்கையிடாத பாவம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இன்னொருத்தர் மெஷினை விட்டுவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்றார். மெஷினை விட்டால் இரண்டு வாரம் தாங்காது, அது அவருக்குத் தெரியாது. அவள் கோபப்படவில்லை. யோபுவின் கடைசி அதிகாரத்தைத் திறந்து அவர் கையில் கொடுத்து, 7ஆம் வசனத்தைச் சத்தமாக வாசிக்கச் சொன்னாள். தேவனுக்காக வக்காலத்து வாங்கின சிநேகிதர்மேல்தான் தேவனுக்குக் கோபம், முறையிட்ட யோபு பேசினதுதான் சரி என்று வருகிற இடம். அவர் வாசித்தார். காபி குடித்துவிட்டுப் போனார். பெரிய எழுத்து, கண்ணாடி இல்லாமலே வாசித்தார், அதையும் இந்த விமர்சனத்தில் பதிவு பண்ணிக்கொள்கிறேன்.

எனக்கு வந்த நாள் வேறு. என் கிட்னியைக் கொடுக்கலாம் என்றுதான் இருந்தோம். ரத்தம் சேர்ந்தது. மற்ற டெஸ்ட் எல்லாம் எடுத்துவிட்டு டாக்டர் கூப்பிட்டு உட்காரவைத்தார். எனக்கும் சர்க்கரை, எனக்கே தெரியாமல் இருந்திருக்கிறது. "உங்களுக்கே நாளைக்கு இது தேவைப்படலாம், எடுக்க முடியாது." மச்சானுக்கு ரத்தம் சேரவில்லை. வேறு ஆள் இல்லை. தமிழ்நாடு அரசின் உறுப்பு தானப் பதிவான டிரான்ஸ்டானில் பேர் பதிந்திருக்கிறோம், இறந்துபோன ஒருவருடைய வீட்டார் சம்மதித்து, அது இவளுக்குப் பொருந்தி, இவள் முறை வந்து, அதுவரை இவள் உடம்பு தாங்க வேண்டும். அன்றைக்கு ராத்திரி நான் ஜெபத்துக்கு உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. அவள் கேட்கவும் இல்லை. புதன்கிழமை யூனிட்டில் ரோமர் 4 வந்தது. ஆபிரகாமைப் பற்றி, "நம்புகிறதற்கு ஏதுவில்லாதிருந்தும், அதை நம்பிக்கையோடே விசுவாசித்தான்" என்று. நான் வாசித்துவிட்டு அடுத்த வசனத்துக்குப் போனேன். "நில்லுங்க" என்றாள். "ஏதுவில்லாதிருந்தும்னுதான போட்டிருக்கு? ஏது இருக்குன்னு பொய் சொல்லலியே." அவ்வளவுதான் சொன்னாள். கண்ணை மூடிக்கொண்டாள். எனக்கு அன்றைக்கு விசுவாசம் வந்ததா என்றால் வரவில்லை. பொய் சொல்லவில்லை என்கிற ஒன்று மட்டும் பிடித்திருந்தது.

பைண்டிங்குக்கு வருகிறேன். அந்த வாரத்தில்தான் புத்தகம் உடைந்தது. தையல் பைண்டிங்தான், வெறும் பசை இல்லை, அதற்குப் பாராட்டு. 32 பக்கமாக மடித்த தாள்கட்டு, அதை ஃபாரம் என்போம், மொத்தம் 52 ஃபாரம், நூல் நல்ல நூல். ஆனால் இவ்வளவு கனமான கட்டுக்கு முதுகில் துணி ஒட்டவில்லை, காகிதம் மட்டும் ஒட்டியிருக்கிறார்கள். அட்டையையும் கட்டையும் சேர்த்துப் பிடிக்கிறது முன்னும் பின்னும் உள்ள ஒற்றை எண்ட் பேப்பர்தான். ஒன்றரைக் கிலோவை ஒரு தாள் எத்தனை நாள் சுமக்கும்? மடிப்பில் கிழிந்து, ஆதியாகமம் பக்கம் அட்டை தனியாக வந்துவிட்டது.

ஒட்டிக் கொடுத்திருக்கலாம், பத்து நிமிஷ வேலை. அன்று ராத்திரி கடையில் தனியாக அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, இதை ஏன் ஒரே புத்தகமாக வைத்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அட்டையைக் கழற்றினேன். முதுகில் ஈரத்துணி போட்டுப் பசையை ஊறவைத்தேன். நூலை ஒவ்வொன்றாக அறுத்து 52 ஃபாரத்தையும் மேஜையில் பரப்பினேன். ஐந்து பங்காகப் பிரித்து, ஃபாரத்துக்கு ஃபாரம் மறுபடி தைத்தேன். முதுகுக்குக் காடாத் துணி. மைதாப் பசை காய்ச்சி அதில் மயில்துத்தம் போட்டேன், பூச்சி அண்டாது. மேலே கெட்டி அட்டை போடாமல் ரெக்ஸின் மட்டும். முடிக்கும்போது மணி மூன்றரை. ஜெபம் பண்ணவில்லை. தைத்துக்கொண்டே இருந்தேன், சங்கீதம் இருக்கிற ஃபாரங்களில் மட்டும் நூலை இரட்டையாகப் போட்டேன். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒவ்வொன்றும் 300 கிராம் சொச்சம். ஒரு கையில் நிற்கிறது. வெள்ளிக்கிழமை காலையில் மூன்றாவது புத்தகத்தை, எஸ்றாவில் தொடங்குகிறதை, அவள் வலது கையில் கொடுத்தேன். கட்டைவிரலை நடுவில் கொடுத்து, மீனவன் பாயைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டாள். நாலு மணி நேரமும் என்னிடம் தரவில்லை. நான் வெளியே போய் டீ குடித்தேன். யூனிட் நேரத்தில் டீ குடித்தது அன்றுதான் முதல் தடவை.

குறை இதிலும் உண்டு. ஃபாரம் முடிகிற இடத்தில் அதிகாரம் முடியாது. மூன்றாம் புத்தகத்தில் ஏசாயா 59இல் நின்றுபோகிறது, மிச்சம் ஏழு அதிகாரத்துக்கு அடுத்ததை எடுக்க வேண்டும். புலம்பலையும் ஆபகூக்கையும் யோபுவோடு சேர்த்துக் கட்டித் தரச் சொன்னாள், எல்லா அழுகையும் ஒரே இடத்தில் இருக்கட்டும் என்று. முடியாது, அவை எரேமியாவோடும் நாகூமோடும் ஒரே தாளில் அச்சாகியிருக்கின்றன.

சர்ச்சில் இரண்டு பேர் முகம் சுளித்தார்கள், வேதத்தைத் துண்டு துண்டாக்கலாமா என்று. எனக்கும் உள்ளுக்குள் அந்தப் பயம் இருந்தது. ஐயர்தான், எங்கள் சர்ச் போதகர், அதைத் தீர்த்துவைத்தார். "நாசரேத்து ஜெப ஆலயத்துல ஆண்டவர் கையில என்ன குடுத்தாங்க? ஏசாயா புஸ்தகத்த மட்டும். நம்ம ஊர்லயும் முதல்ல அப்படித்தான அண்ணாச்சி வந்துச்சு?" தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்க் ஐயர் அச்சிட்டது புதிய ஏற்பாடு மட்டும்தான், பழைய ஏற்பாட்டை முடிக்காமலே 1719இல் போய்விட்டார். மிச்சத்தை முடித்தவர் சூல்ட்ஸ் ஐயர், அது 1720களில். நம் ஆட்கள் முதலில் துண்டு துண்டாகத்தான் வாசித்திருக்கிறார்கள்.

ஐயர் அன்றைக்கே இன்னொன்றும் சொன்னார். இந்த விமர்சனத்தை எழுத உட்கார்ந்ததே முக்கால்வாசி அதற்காகத்தான். 139ஆம் சங்கீதம் 13ஆம் வசனம், "நீர் என் உள்ளிந்திரியங்களைக் கைக்கொண்டிருக்கிறீர்." அந்த உள்ளிந்திரியம் என்ற சொல்லுக்கு எபிரெயுவில் இருப்பது கிட்னிக்கு உள்ள சொல்லாம். லேவியராகமத்தில் ஆட்டின் கொழுப்போடு எரிக்கச் சொல்கிற "குண்டிக்காய்" இருக்கிறதே, அதே சொல். மனுஷனின் ஆழத்து நினைவும் துக்கமும் அங்கேதான் இருக்கிறது என்று அந்தக் காலத்து ஆட்கள் நினைத்தார்களாம். அதனால் பலியில் வரும்போது குண்டிக்காய் என்றும், சங்கீதத்தில் வரும்போது உள்ளிந்திரியம் என்றும் தமிழில் போட்டுவிட்டார்கள். நான் யூனிட்டில் போய் இதை அவளிடம் சொன்னேன். நீர் என் கிட்னிகளைக் கைக்கொண்டிருக்கிறீர். அவள் மெஷினைப் பார்த்தாள். ரத்தம் குழாயில் சுற்றிக்கொண்டிருந்தது. "பிடிச்சிக்கிட்டே இருந்தா எப்பிடி? வேல செய்ய விடணும்லா" என்றாள். சிஸ்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் கத்தோலிக்கர். அடுத்த தடவை நாங்கள் போனபோது தன்னுடைய திருவிவிலியத்தைக் கொண்டுவந்து காட்டினார், 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு. அதில் "என் உள் உறுப்புகளை உண்டாக்கியவர் நீரே" என்று இருந்தது. தெளிவு அதில்தான் கூடுதல், பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் புரியும். வீட்டம்மா இரண்டையும் கேட்டுவிட்டு, "உண்டாக்கினது பழைய கத. கைக்கொண்டிருக்கிறீர்னா இப்பவும்லா" என்றாள். அவள் ஓட்டு பழைய திருப்புதலுக்கு.

அந்தப் பழைய திருப்புதல் பவர் ஐயர் தலைமையில் 1871இல் வந்தது. அதற்கு அடியில் பப்ரிசியஸ் ஐயரின் தமிழ் இருக்கிறது. சென்னையில் உட்கார்ந்து வருடக்கணக்காக ஒவ்வொரு சொல்லாகத் தேடி வைத்தவர், வயதான காலத்தில் கடனுக்காகச் சிறையில் கிடந்தவர், 1791இல் இறந்தவர். என் கடைக்கு நூறு வருடப் பழைய பைபிள் வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும். முன்பு அவருடைய தமிழுக்காக. இப்போது பைனான்ஸ்காரர் கடை வாசலில் வண்டியை நிறுத்துகிற நாட்களிலும்.

அதனால் வாங்குகிறவர்களுக்கு நான் சொல்கிறது: நடுவில் விரித்து நூல் தெரியாத பைபிளை வாங்காதீர்கள். ஜிப்புக்கும் தங்கத்துக்கும் தருகிற காசைத் தாளுக்குத் தாருங்கள். படுக்கையில் இருக்கிறவருக்கு வாங்கினால் சிவப்பு எழுத்து வேண்டாம், எழுத்தின் அளவுக்கு முன்னால் எடையைக் கேளுங்கள். நல்ல வாக்குத்தத்தங்களை மட்டும் தொகுத்த சின்னப் புத்தகம் எடை குறைவுதான், ஆனால் அதில் 88ஆம் சங்கீதம் இருக்காது, மூன்றாவது மணி நேரத்தில் அது தேவைப்படும். நான் வாங்கின இதற்கு எழுத்துக்கு ஐந்தில் நாலு, தாளுக்கு மூன்று, முதுகுக்கு ஒன்று. முதுகுக்கு ஒன்று என்பது நூலுக்காகத் தந்தது.

போன புதன்கிழமை, தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்துப் பக்கத்திலிருந்து யூனிட்டுக்கு வருகிற ஒரு பாட்டியம்மா, எழுபது தாண்டியிருக்கும், மஞ்சப்பையில் தன் பைபிளைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தார். அவருக்கும் இப்படிப் பிரித்துக் கட்டித் தர வேண்டுமாம். ரூத்தையும் சங்கீதத்தையும் ஒன்றாக வைக்க முடியுமா என்று கேட்டார். ஃபாரம் கணக்கைச் சொல்லி, முடியாது என்றேன். "சரி, சங்கீதத்தத் தனியாத் தா. மத்தது வீட்ல இருக்கட்டும்." கூலி கேட்டார். கட்டிலில் இருந்தபடியே வீட்டம்மா எனக்குக் கையைக் காட்டினாள், வாங்காதீங்க என்று. நான் 150 சொன்னேன், காடாத் துணியே கடனில்தான் வருகிறது. பாட்டி 200 ரூபாயை என் சட்டைப்பையில் சொருகிவிட்டுப் போனார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அவள் என்னோடு பேசவில்லை. பாட்டியின் பைபிள் இப்போது கடையில் ஈரத்துணிக்கு அடியில் ஊறிக்கொண்டிருக்கிறது. வெள்ளிக்கிழமை 5.30க்குள் தைத்து முடிக்க வேண்டும்.